கெப்ளரும் அவர் அன்னையும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

வானத்துக் கோள்களுக்கு விதி கண்ட யோஹான்னஸ் கெப்ளரின் பெயரைக் கேள்விப்படாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. கோள்கள் கதிரவனை வட்டப் பாதையில் சுற்றவில்லை, நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று உலகிற்கு முதன்முதலாக உணர்த்திய பேரறிஞர் அவர். ஆனால் அந்தப் பேரறிஞரின் தாயார் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு, இரும்புச் சங்கிலியில் கட்டுண்டு, பதினான்கு மாதங்கள் சிறையில் வாடினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் இவ்வாண்டு வரை தெரியாது. அவ்வரலாற்றைப் படித்தபோது சிறையைவிட அந்த ஊர்தான் என்னை அதிகமாக வருத்தியது. நாள்தோறும் கண்ணால் கண்டு பழகிய ஒரு மூதாட்டியைப் பற்றி அப்படியொரு கதையை ஓர் ஊரே எப்படி நம்பியது?

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள், ஜெர்மானிய நாட்டின் தென்பகுதியில் உள்ள வைல் டெர் ஷ்டாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹைன்ரிஹ் கூலிப்படை வீரர். யார் சம்பளம் கொடுத்தாலும் அவருக்காகப் போரிடச் செல்வார். வீட்டில் தங்கியது குறைவு. 1589ஆம் ஆண்டளவில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. தாயார் கத்தரீனா ஒரு விடுதிக்காரரின் மகள். எழுத்தறிவு இல்லாதவர். ஆனால் பச்சிலைகளின் குணம் அறிந்தவர். கஷாயம் காய்ச்சிக் கொடுப்பது அவர் வழக்கம். ஓயாமல் பேசுவார், எதையும் துருவித் துருவிக் கேட்பார், எளிதில் சண்டைக்கும் வருவார் என்று மகனே தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். தாயைப் பற்றி மகன் இப்படியும் எழுதுவாரா என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. பிற்காலத்தில் அவர் செய்ததைப் படித்தபின் கோபம் தணிந்தது.

சிறு வயதிலேயே பெரியம்மை கண்டு கெப்ளரின் கண்பார்வை மங்கிவிட்டது. வானத்தை ஆராயப் பிறந்தவருக்கு மங்கிய கண்கள்! 1577ஆம் ஆண்டு ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. வால்நட்சத்திரம் என்றால் பஞ்சமும் போரும் வரும் என்று மக்கள் நடுங்கிய காலம் அது. அப்போது ஏறக்குறைய ஆறு வயதுப் பாலகனாயிருந்த தம் மகனைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்கு அழைத்துச் சென்று, அந்த வால்நட்சத்திரத்தைக் காட்டியவர் கத்தரீனா அம்மையார்தான். வானியல் அறிஞரின் முதல் ஆசிரியை என்று அவரைச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

உதவிச் சம்பளத்தால் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்த கெப்ளர் மதபோதகராக விரும்பினார். ஆனால் 1594இல் கிராஸ் நகரத்துப் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக அமர்ந்தார். அப்பதவியில் இருப்பவர் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணிக்கவும் வேண்டும். கடுங்குளிர் வரும், துருக்கியர் படையெடுப்பர் என்று 1595ஆம் ஆண்டிற்குக் கணித்தார். இரண்டும் நடந்துவிட்டன! ஊரில் பெரும் புகழ். அன்று முதல் அவர் வாழ்நாள் முழுவதும், வானியலுக்குச் சோறு போட்டது சோதிடம்தான். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் ஜாதகம் கணித்தார். அதில் பெரும்பகுதி வெறும் பிதற்றல் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கோள்களுக்கும் மனித உள்ளத்திற்கும் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்ற எண்ணத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

அதே 1595ஆம் ஆண்டு ஜூலை மாதம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பலகையில் ஒரு வட்டத்துள் முக்கோணங்களை வரைந்தார். அந்தக் கணமே அவர் உள்ளத்தில் ஒரு மின்னல் வெட்டியது. அந்நாளில் அறியப்பட்ட கோள்கள் ஆறு. அவற்றிற்கிடையே உள்ள இடைவெளிகள் ஐந்து. வடிவியலில் எல்லாப் பக்கங்களும் ஒத்த கனவடிவங்களும் ஐந்தே. அப்படியானால் இறைவன் அந்த ஐந்து வடிவங்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கித்தானே அண்டத்தை அமைத்திருக்க வேண்டும்! கண்ணில் நீர் மல்க மகிழ்ந்த கெப்ளர் அடுத்த ஆண்டே அதை நூலாக வெளியிட்டார். தோழியரே, அந்தக் கருத்து தவறானது. கோள்கள் ஆறு அல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் தற்செயலாக ஒத்துப்போகும் இரண்டைக் கண்டவுடன் இதற்குள் ஓர் இரகசியம் இருக்கிறது என்று துள்ளும் மனித மனம் எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி எனக்குக் காட்டியது. ஒரே மனம்தான் மேதையிடமும் இருக்கிறது, தெருமுனையில் கூடிப் பேசுவோரிடமும் இருக்கிறது.

1600இல் கிராஸ் நகரை ஆண்ட கத்தோலிக்க இளவரசர் ஃபெர்டினாண்ட், லூத்தர் சபையினரை வெளியேற்றியபோது கெப்ளரும் குடும்பத்தோடு வெளியேறினார். பிராக் நகரில் டைகோ பிராஹி என்னும் பெரியவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே டைகோ மறைந்துவிட, பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவைக் கணித அறிஞர் பதவி கெப்ளருக்குக் கிடைத்தது. டைகோ பல ஆண்டுகள் அளந்து குறித்து வைத்திருந்த செவ்வாயின் கணக்குகளும் அவர் கைக்கு வந்தன. செவ்வாய்க்கு ஒரு வட்டப் பாதையை அமைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. இறுதியில் எல்லாம் பொருந்தின. எட்டுக் கலை மட்டும் பொருந்தவில்லை. அறுபது கலை சேர்ந்தது ஒரு பாகை. முழுநிலவின் அகலத்தில் கால் பங்குதான் எட்டுக் கலை. வேறொருவராயிருந்தால் இவ்வளவு சிறிய பிழையா என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பார். கெப்ளர் மூடிக்கொள்ளவில்லை. டைகோவின் அளவை தவறாது என்று அவர் அறிவார். ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் அனைவரும் போற்றிய வட்டத்தையே தூக்கி எறிந்தார். நீள்வட்டம் பிறந்தது. 1609இல் அந்நூல் வெளிவந்தது.

பின்னர் மனைவியையும் ஒரு மகனையும் இழந்து, 1612இல் லின்ஸ் நகருக்குக் குடியேறினார். அங்கே அவருடைய சொந்த லூத்தர் சபையின் போதகரே, கொள்கையில் முழுதும் ஒத்துப்போகவில்லை என்று அவருக்கு நற்கருணை விருந்தை மறுத்துவிட்டார். இந்த நிலையில்தான் 1615ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் தங்கை மார்கரேத்தா எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. தாயாரைச் சூனியக்காரி என்கிறார்கள்!

கத்தரீனா அம்மையார் அப்போது லியோன்பெர்க் என்னும் சிறு நகரில் தனியே வாழ்ந்துவந்தார். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வூரில் கண்ணாடி வேலை செய்பவரின் மனைவி உர்சுலா ரைன்போல்ட் நெடுநாளாக நோய்வாய்ப்பட்டிருந்தார். எந்த வைத்தியமும் பயன் தரவில்லை. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று வலி தொடர்ந்தது. வலி தாங்குவது கடினம். ஆனால் காரணம் தெரியாத வலியைத் தாங்குவது அதைவிடக் கடினம். இந்நிலையில் அந்த அம்மாளுக்கும் கெப்ளரின் தம்பி கிறிஸ்டோபுக்கும் ஏதோ ஒரு தகராறு. அதன்பின் உர்சுலாவுக்கு ஒரு நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் கத்தரீனா வீட்டில் ஒரு பானம் அருந்தினோமே, அது கசந்ததே! அந்தக் கசப்புத்தானே இந்த நோய்!

நான் உர்சுலாவை எளிதில் பழித்துவிட முடியவில்லை. எங்கள் தெருக்கோடியில் கணவரை இழந்த பாட்டியம்மா ஒருவர் தனியாக வசிக்கிறார். காலையில் அவர் எதிரே வந்துவிட்டால், தேர்வுக்குப் புறப்பட்ட பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குள் அழைத்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. அன்று காலை அந்தப் பாட்டி எதிரே வந்ததை என் தோழியிடம் சொன்னேன். முந்திய நாள் மாலை முழுவதும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை என்பதைச் சொல்லவில்லை. சொன்னது வெறும் சாக்கு என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே நம்பினேன்.

1615ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், முடி திருத்துவதோடு ரணவைத்தியமும் பார்த்துவந்த உர்சுலாவின் சகோதரரும், ஊரின் அரசு அதிகாரியான லுத்தருஸ் ஐன்ஹார்னும் குடிபோதையில் இருந்தனர். கத்தரீனா அம்மையாரை அழைத்து வரச் செய்து, வைத்த சூனியத்தை உடனே எடுக்கும்படி அந்தச் சகோதரர் வாளை உருவி மிரட்டினார். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் அஞ்சவில்லை. நான் நோயைக் கொடுக்கவுமில்லை, அதை எடுக்கவும் என்னால் ஆகாது என்று உறுதியாக மறுத்துவிட்டார். குடும்பத்தார் மானநஷ்ட வழக்குத் தொடுத்தனர். வழக்கு நடந்தால் அதிகாரியின் குற்றமும் வெளிப்படும் அல்லவா? ஆகவே அவருக்கும் அம்மையார் சூனியக்காரியாக இருப்பதே வசதியாயிற்று.

அதன்பின் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பழைய நினைவு வரத் தொடங்கியது. பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் கால் ஊனமானது அந்த அம்மாள் கொடுத்த பானத்தினால்தான் என்றார். செங்கல் சுமந்து சென்ற ஏறத்தாழ 12 வயதுச் சிறுமி ஒருத்தி, வழியில் அம்மையாரைக் கடந்ததும் கையில் கடும் வலி எடுத்ததாகச் சொன்னாள். இறந்துபோன கன்றுகாலிகள்கூட நினைவுக்கு வந்தன. முன்பு தனித்தனியே கிடந்த துன்பங்களெல்லாம் ஒரே நூலில் மணிகளாகக் கோக்கப்பட்டன. அந்த நூலின் நுனியை ஒரு கிழவியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

காலமும் கெட்ட காலம். கோடை குளிர்ந்தது. ஆலங்கட்டி மழையில் விளைச்சல் அழிந்தது. நோயும் பரவியது. இவற்றிற்கெல்லாம் யாரோ ஒருவர் பொறுப்பாக இருந்தே தீரவேண்டும் என்று மக்கள் எண்ணினார்கள். ஐன்ஹார்ன் காலத்தில் லியோன்பெர்க்கிலேயே பல பெண்கள் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டனர். ஐரோப்பா முழுவதிலும் மூன்று நூற்றாண்டுகளில் நாற்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் பேர் வரை இவ்வாறு மாண்டார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகின்றனர். பெரும்பாலோர் பெண்கள். நம் திருச்சபையின் ஆயர்களே ஆட்சி செய்த பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் நகரங்களிலும் 1620களின் பிற்பகுதியில் நூற்றுக்கணக்கானோர் எரிக்கப்பட்டனர் என்பதை மறைப்பதற்கில்லை. அதே காலத்தில் ஃபிரீட்ரிஹ் ஷ்பே என்னும் இயேசு சபைக் குருவானவர், இவ்விசாரணைகள் அநீதியானவை என்று 1631இல் ஒரு நூலை வெளியிட்டதும் உண்மை. தம் பெயரைப் போடாமல்தான் வெளியிட வேண்டியிருந்தது.

அம்மையாரும் சில செயல்களால் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொண்டார். ஐன்ஹார்னுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கையூட்டாகக் கொடுக்க முனைந்தார். அது இன்னொரு குற்றமாயிற்று. மண்டையோட்டைக் கிண்ணமாக்கும் பழங்கால வழக்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, தம் தந்தையின் மண்டையோட்டைத் தோண்டித் தரும்படி வெட்டியானிடம் கேட்டிருக்கிறார். வெள்ளி பதித்து மகன் யோஹான்னஸுக்குப் பரிசளிக்க ஆசையாம்! பாவம், அந்தத் தாயுள்ளம். வழக்கில் அது எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1616ஆம் ஆண்டு இறுதியில் பிள்ளைகள் அவரை லின்ஸுக்கு அனுப்பி வைத்தனர். குற்றமுள்ள நெஞ்சுதான் ஓடியது என்று ஊர் பேசியது. சில மாதங்களில் திரும்பி வந்தார். பார், எவ்வளவு துணிச்சல் என்று பேசியது! விசாரணையின்போது அவர் கண்ணில் நீர் வரவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார்கள். சூனியக்காரிகள் அழமாட்டார்கள் என்பது அவர்கள் சாத்திரம். வாழ்நாளில் எவ்வளவோ அழுதுவிட்டேன், இனிமேல் கண்ணீர் மிச்சமில்லை என்ற பொருள்பட அம்மையார் மறுமொழி கூறினார். இப்படிப்பட்ட நம்பிக்கைக்கு எதிர்ச்சான்று என்று ஒன்று இருக்கவே முடியாது. எதைக் காட்டினாலும் அதையும் விழுங்கிக்கொண்டு வளரும்.

இதற்கிடையே கெப்ளர் இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தின் நடுவில், 1618ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் மூன்றாம் விதியைக் கண்டுபிடித்தார் என்பது வியப்பிலும் வியப்பு.

1620ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் இரவு, மகளின் வீட்டில் தங்கியிருந்த அம்மையாரைக் கைது செய்து, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து வெளியே தூக்கிச் சென்றனர். பின்னர் கியூக்ளிங்கன் என்னும் ஊரில் சிறை வைத்தனர். சங்கிலி பூட்டி, இரண்டு காவலரையும் போட்டனர். காவலர் கூலி அம்மையாரின் சொத்திலிருந்தே எடுக்கப்பட்டது. எழுபதைக் கடந்த மூதாட்டி தப்பி ஓடுவதற்கு இரண்டு காவலர்! தம்பி கிறிஸ்டோப், தன் மானம் போகிறது என்று வழக்கை லியோன்பெர்க்கில் நடத்த வேண்டாம் என்றுதான் கேட்டான். கெப்ளர் மட்டும் வேலையை விட்டு, போர் மூண்டிருந்த நாட்டில் மனைவி மக்களை ரேகன்ஸ்பர்க் நகரில் தங்கவைத்துவிட்டு வந்து சேர்ந்தார். கைதி துரதிர்ஷ்டவசமாகத் தம் மகனுடன் ஆஜரானார் என்ற பொருளில் எழுத்தர் குறித்து வைத்திருக்கிறாராம்.

வழக்கை அவர் நடத்திய முறை, செவ்வாயின் கணக்கை ஆராய்ந்த அதே முறை. சூனியம் என்பதே உலகில் இல்லை என்று அவர் வாதாடவில்லை. அவருக்கே அதில் நம்பிக்கை இருந்திருக்கலாம். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியே பிரித்து எடுத்தார். எந்த நாள்? யார் பார்த்தது? அன்றே ஏன் சொல்லவில்லை? வேறு காரணம் இருக்க முடியாதா? சிறுமியின் கை வலித்தது, அவள் வயதிற்கு மீறிய செங்கற்பாரத்தைச் சுமந்ததால். ஆசிரியரின் கால் கெட்டது, ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்ததால். உர்சுலாவின் நோயோ, அந்தப் பானத்திற்கு முன்பே இருந்தது. கோத்த மணிகளையெல்லாம் இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். ட்யூபிங்கனில் சட்டப் பேராசிரியராயிருந்த நண்பர் கிறிஸ்டோப் பெசோல்டும் துணை நின்றார். மறுப்புரை நூறு பக்கங்களுக்கு மேல் வளர்ந்தது.

அவ்வளவு எழுதியும் முழு விடுதலை கிடைக்கவில்லை. சித்திரவதை செய்யாமல், கருவிகளைக் காட்டி மட்டும் அச்சுறுத்திப் பார்க்கலாம் என்று ட்யூபிங்கன் சட்ட அறிஞர்கள் முடிவு கூறினர். 1621ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அம்மையாரைக் கொலைக்களத்துச் சேவகனிடம் அழைத்துச் சென்றனர். அவன் ஒவ்வொரு கருவியையும் எடுத்துக் காட்டி, அது செய்யும் வேலையை விளக்கினான். நரம்பு நரம்பாகப் பிடுங்கினாலும் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை என்றார் அம்மையார். பின் மண்டியிட்டு, பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவை நோக்கிச் செபித்தார். சில நாட்களில் விடுதலையானார். ஆனால் லியோன்பெர்க்குக்குத் திரும்பினால் கொன்றுவிடுவதாக மிரட்டல் இருந்தது. தீர்ப்பு வந்தும் ஊரின் மனம் மாறவில்லை. 1622ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் கண் மூடினார்.

கெப்ளரின் மனம் மட்டும் அமைதியடையவில்லை. 1609ஆம் ஆண்டளவில் அவர் விளையாட்டாக ஒரு கதை எழுதியிருந்தார். நிலவுக்குச் செல்லும் கனவைப் பற்றிய கதை. அதில் வரும் வீரனின் தாய் மூலிகை விற்பவள், ஆவிகளோடு பேசுபவள். அந்தக் கையெழுத்துப் படி 1611இல் பிறர் கைக்குச் சென்றுவிட்டது. அதைப் படித்தவர்கள் முடிதிருத்தும் கடைகளில் பேசித்தான் தம் தாயின்மேல் இந்தப் பழி விழுந்தது என்று அவர் எண்ணத் தொடங்கினார். உர்சுலாவின் சகோதரரும் அந்தத் தொழில் செய்பவர்தானே! எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! தாய் மறைந்த பிறகும் பல ஆண்டுகள், அந்தக் கதைக்கு 223 அடிக்குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அவற்றுள் ஒன்றில் இந்தக் குற்ற உணர்ச்சியையும் எழுதி வைத்தார். 1630ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், சேரவேண்டிய சம்பளப் பாக்கியைத் தேடிச் சென்ற ரேகன்ஸ்பர்க் நகரில் காய்ச்சல் கண்டு உயிர்நீத்தார். கதை 1634இல் அவர் மகனால் வெளியிடப்பட்டது.

வழக்கின் ஏடுகள் அழியாமல் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த வரலாற்று அறிஞர்கள், அந்தக் கதை வழக்கில் எவ்விதப் பங்கும் வகித்ததற்குச் சான்று காணவில்லை.